தடைக்காலத்தில் எடுத்த சர்வே

கடலுக்குள் காற்றாலை நட்டால் கரையில் இருப்பவர்களின் பிழைப்பு என்னவாகும் என்று வீடு வீடாகக் கேட்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் கீரமங்கலத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவள். மீனைச் சந்தையில் பார்த்ததோடு சரி. அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. பட்டம் இருந்தது, போதுமாம்.

மணமேல்குடிப் பக்கம் ஒரு விசைப்படகு ஊர். நாங்கள் போனது மீன்பிடித் தடைக்காலத்தில். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கமே படகுகளைக் கட்டிப்போடச் சொல்லும் மாதங்கள். ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், சட்டென்று முடித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரம். கெட்டிக்காரர்.

முதலில் நான் பிடித்தது, கரையேற்றிய படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை. தூரிகையை வைத்துவிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"தடையில எப்புடித் தாயி போறது? ஒரு நாளும் போகல. ஆனா மொட்டையா அப்புடிப் போட்டுறாதீங்க. தடைக்காலம்னு சேத்து எழுதுங்க. இத விட்டா எங்களுக்கு வேற தொழில் கெடையாது."

டேப்லெட்டில் அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும். சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "பதில் வந்துருச்சுல்ல? பூஜ்யம் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றார்.

போட்டேன். அந்த ஊர் முழுக்கப் போட்டேன். தேங்காய் வெட்டிய மறுநாள் ஒருவன் எங்கள் தோப்புக்கு வந்து, மரத்தில் காயே இல்லை என்று எழுதிக்கொண்டு போனால் என் அப்பா அவனைச் சும்மா விட்டிருப்பாரா? எல்லாம் தெரிந்துதான் போட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து அதே ஊரில் பந்தல் போட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். வருகைப் பதிவு மேசையில் நான். இவ்வூரார் கடலை நம்பியிருப்பது மிகக் குறைவு, ஆகவே பாதிக்கப்படுவோர் பட்டியலில் இந்த ஊர் வரவில்லை என்று அதிகாரி ஒருவர் வாசித்தார். கூட்டம் எழுந்து கத்தியது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்தப் பெரியவர் கத்தவில்லை. அன்று கடலுக்குப் போகிற நாள். அன்றையத் தொழிலை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கையெழுத்துப் போட நேராக என் மேசைக்கு வந்தார்.

"நாஞ் சொன்னத எழுதலையா தாயி?"

எழுத இடமில்லை என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் பெயரை எழுதிவிட்டு, தொழில் என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"குடுங்க. இத நானே எழுதிக்கிறேன்" என்று என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.