எலிசபெத் டீச்சரும் நூறு சதவீதமும்

அருப்புக்கோட்டையில் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே எலிசபெத் அங்கே கணக்கு டீச்சர். அவள் படித்தது எம்.ரெட்டியபட்டி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், தமிழில். கல்லூரிக்குப் போய்த்தான் ஆங்கிலம் பழகினாள். மெதுவாக, யாருக்கும் வலிக்காமல் பேசுவாள். அதனாலேயே தாளாளர் சீனிச்சாமி அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு வருடமும் பஸ் ஸ்டாண்டு எதிரே பள்ளி ஒரு தட்டி வைக்கும்: பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. அந்தப் பெயர் கெடக்கூடாது என்று, தேறாது எனத் தோன்றுகிற பிள்ளைகளுக்கு ஒன்பதாவது முடிந்ததுமே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெற்றோரை அழைத்து அதைப் பக்குவமாகச் சொல்வது எலிசபெத்தின் பொறுப்பு.

“கவர்மெண்டு ஸ்கூல்ல தமிழ்ல படிச்சா அவனுக்குப் பாரம் கொறையும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்பாள். சிலர் அழுவார்கள். விசைத்தறி வைத்திருந்த ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் அழுது முடியும்வரை அவள் காத்திருப்பாள்.

1993 ஏப்ரலில் சீனிச்சாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், இந்த வருசம் போறவங்கள்ல ஒங்க பையன் ரூபனும் இருக்கான்.”

“கணக்குல மட்டுந்தான் சார் கொறச்சல். நான் சொல்லிக்குடுத்துருவேன்.”

“நீங்க சொல்லிக்குடுத்துத்தான இந்த மார்க்கு.” அவர் குரலில் கோபம் இல்லை. “மத்தவுகளுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு செஞ்சா ஊர்ல என்ன பேசுவாக?”

“சரி சார்” என்றாள். வெளியே வந்து, காத்திருந்த மற்ற பெற்றோரிடம் ஒவ்வொருவராகப் பேசி முடித்தாள்.

வீட்டில் கணவர் செல்லத்துரை, “நீ ஒண்ணுமே கேக்கலையா?” என்றார். பஞ்சு மில்லிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“என்ன கேக்க?”

ரூபனை உட்காரவைத்து, தமிழில் படித்தால் பாரம் குறையும் என்றாள். அவன் தலையைத் தூக்கினான்.

“இது நீ டி.சி. குடுக்கும்போது கோகுல் அம்மாகிட்ட சொன்னதுதானம்மா?”

“ஆமா” என்றாள். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அடுப்பில் சோறு இருந்தது, போய் வடித்தாள்.

ஜூனில் ரூபன் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனான். ஒரு வகுப்பில் எழுபது பேருக்கு மேல். காலையில் அவள் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாற்கரம், கர்ணம், சர்வசமம் எல்லாம் சிறுவயதில் படித்தபடியே வாயில் வந்தன. தன் பள்ளியில், வகுப்பில் தமிழ் பேசிய பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் அவள். அவன் நிமிராமல் எழுதிக்கொண்டான். முன்பு போல எதுவும் பேசமாட்டான். கேட்டால் பதில் சொல்வான்.

மறுவருடம் பள்ளிக்கு மீண்டும் நூறு சதவீதம். தட்டிக்கு முன்னால் ஆசிரியர்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எலிசபெத் இரண்டாவது வரிசையில் நின்றாள். ரூபனும் தேறியிருந்தான். கணக்கில் அறுபத்தொன்று.

“பையன் பாஸாமே. பிளஸ் ஒன்னுக்கு இங்கயே கொண்டாந்துருங்க” என்றார் சீனிச்சாமி.

அதை வீட்டில் சொன்னபோது, “நான் அங்கயே படிக்கிறேன்” என்றான் ரூபன். அவள் மறுபடி கேட்கவில்லை. வேலையையும் விடவில்லை. விடலாம் என்று ஒருநாளாவது நினைத்தாளா என்று செல்லத்துரைக்கும் தெரியாது.

1995 ஏப்ரலில் மல்லாங்கிணறிலிருந்து முத்துமாரியம்மாள் என்ற பெண் வந்தாள். மகனுக்கு டி.சி. என்று கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஒங்க பையனும் கவர்மெண்டு ஸ்கூல்லதான் படிக்குதாமே டீச்சர்?”

“ஆமா.”

“நீங்களே ஒங்க பிள்ளைய அங்க சேத்திருக்கீகன்னா நல்லாத்தான் இருக்கும்.” அந்தப் பெண் முகம் தெளிந்து எழுந்தாள்.

சீனிச்சாமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இனிமே இதையே சொல்லுங்க டீச்சர். யாரும் சங்கடப்பட மாட்டாக.”

“சரி சார்” என்ற எலிசபெத், வெளியே நின்றவர்களில் அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.