கூடியிருக்கிறது என்றார்கள், மகிழ்ந்தோம்

மலேசியாவில், சிரம்பான் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனை வரிசையில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகள் லதா மட்டும் ரிப்பன் கட்டி, பவுடர் பூசி, சாவகாசமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பூக்கும் பருவம் வந்தால் அவளுக்கு இழுப்பும் வந்துவிடும். தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) நெஞ்சுச்சளி என்று எழுதி, இருமல் மருந்து கொடுப்பார். பக்கத்து வீடுகளில் காசநோய் என்றார்கள். குரலைத் தாழ்த்தி, ஆனால் எங்கள் காதில் விழும்படி. தங்கள் பிள்ளைகளை அவளோடு விளையாட விடவில்லை.

நான் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்). பெயரில்லாத எதற்கும் மருந்து கிடைக்காது என்று அறிந்தவன். பரிந்துரைக் கடிதம், பிறப்புப் பத்திரம், நகல்கள் எல்லாம் சரியாகவே கொண்டுபோனேன்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி. இயோசினோபில் (ஒவ்வாமையில் பெருகும் ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னார். ஆஸ்துமா என்றால் அது பெரும்பாலும் கூடியிருக்கும். நோயின் கடுமையை ஊகிக்கவும் ஓரளவு உதவும்.

முடிவு வந்தது. அந்த அணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை.

"ஆஸ்துமா மாதிரி தெரியல. வார்டுல சேர்த்து, காசநோயான்னு பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

என் மனைவி சரோஜா மகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள். லதாவுக்கு வேறு கவலை.

"அங்கயும் வெள்ளை மாத்திரை குடுப்பாங்களா டாக்டர்? அம்மா குடுக்கிறது ரொம்பக் கசக்குது."

"எந்த மாத்திரைம்மா?"

சரோஜா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். லுக்குட் மருந்துக்கடையில் வாங்கியது. எனக்கே அது புதுச் செய்தி.

"பஸ்ல இழுத்தா சனங்க ஒரு மாதிரி பாக்குறாங்க டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப புள்ள நல்லா இருக்க வேணாமா?"

"நல்லா இருக்கிறவங்க எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"கடைக்காரரு நல்ல மருந்துன்னாரு லா."

"நல்ல மருந்துதான். அதான் தகராறே."

சரோஜாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. குளிப்பாட்டி, சிங்காரித்து, நோயாளியை நோயில்லாமல் காட்டினால்தான் குடும்பத்துக்குக் கௌரவம்.

அந்த மாத்திரை ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து). இழுப்பை அடக்கியதோடு அந்த அணுக்களையும் இரத்தத்திலிருந்து மறைத்துவிட்டது. டாக்டர் சொன்ன முறைப்படி அதை நிறுத்தினோம். குடற்புழுவாலும் இயோசினோபில் கூடும் என்பதால் மலப் பரிசோதனை செய்து, இருந்த பூச்சியை முதலில் வெளியேற்றினார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயிலும் சளியிலும் காசநோய்க்கு அடையாளம் இல்லை. பிறகு மறுபடியும் இரத்தம். இம்முறை ரிப்பன் இல்லை, பவுடர் இல்லை. நெஞ்சில் விசில் இருந்தது.

"நல்லாவே கூடியிருக்கு" என்றார் டாக்டர். "ரத்தத்தை மட்டும் வச்சு நான் சொல்லல. நெஞ்சுச் சத்தம், வர்ற பருவம், எல்லாம் ஒத்துப்போகுது. ஆஸ்துமாதான்."

"என்னங்க, கூடியிருக்காம்!" சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பக்கத்தில் இருந்த தாதி எங்களைப் பார்த்த பார்வை மறக்காது. இரத்தம் கெட்டிருக்கிறது என்று கேட்டு இப்படி மகிழ்ந்த பெற்றோரை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். டாக்டரிடம் பிள்ளையை அழைத்துப் போகும்போது அழகாக உடுத்துங்கள், தடையில்லை. கொடுத்த மாத்திரையையும் கூடவே கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

உறிஞ்சும் மருந்து (வாய்வழியாக மூச்சோடு இழுக்கும் தூவல் மருந்து) வந்தது. லதா தேறினாள். அதுவரை நான் எனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாக இரண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது, ஒன்று மிச்சமானபோதுதான் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஆண்டு தொடங்கியது ஜனவரியில் அல்ல, முதல் இலை உதிர்வில். அடுத்த ஆண்டு ஒருநாள் காலை, அடுப்படிச் சன்னல் வழியே பார்த்த சரோஜா, "மரமெல்லாம் துளிர் விட்டுடுச்சிங்க" என்றாள்.

இலை எப்போது உதிர்ந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.