எங்கள் வீட்டுத் தரையில் முழுகிய கப்பல்

என் மகள் காலேஜில் புள்ளியியல் படித்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் படிப்பின் பெயரை நாக்குத் தடுமாறாமல் சொல்லவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. சொல்ல வந்த பிறகு, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன்.

பனிமலையில் மோதி முழுகிப்போன ஒரு பழைய கப்பல். அதில் யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்ற கணக்கைக் கொடுத்து, காலேஜ் கண்காட்சிக்குப் பிரித்துக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். நான் பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து இறங்கும் சரக்கைப் பொறுக்குகிறவள். கோணலானதும் விரிசல் விட்டதும் குப்பைக்குத்தான் போகும். கேட்டு வாங்கி, கூடை நிறையக் கொண்டுவந்து, உடைத்துத் துண்டாக்கிக் கொடுத்தேன். வெள்ளைத் துண்டு முதல் வகுப்புப் பயணிகள், பழுப்பு இரண்டாவது, மெருகு போடாதது மூன்றாவது. பொம்பளைக்குச் சிவப்பு நூல் கட்டினாள். பிழைத்தவர்கள் சுவரோரம், செத்தவர்கள் வாசல் பக்கம். சோறாக்கப் போவதென்றால் செத்தவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த நேரத்தில்தான் திட்டக்குடியிலிருந்து என் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான். கருவேப்பிலங்குறிச்சியில் நிலம் நீச்சு உள்ள மாப்பிள்ளை இடம் அமைந்திருக்கிறது, படிப்பை நிறுத்திவிட்டு முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். மகள் எதிர்த்துப் பேசவில்லை. கப்பல் கதையைச் சொல்லி, யார் பிழைத்திருப்பார்கள் என்று அவரையே கேட்டாள்.

நீச்சல் தெரிந்த ஆம்பளைகள்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார் அண்ணன். சுவரோரம் எண்ணிப் பார்க்கச் சொன்னாள். பாதிக்கு மேல் சிவப்பு நூல். அப்படியானால் பொம்பளைகள் எல்லாரும் பிழைத்தார்களா என்றார். அவள் நூல் கட்டியதை மட்டும் தனியே எடுத்து, நிறம் நிறமாக வைத்தாள். வெள்ளையில் செத்தது அரிதாகக் கிடந்தது. மெருகில்லாததில் பாதிக்குப் பாதி வாசல் பக்கம்.

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுசு பூராவும் மூட்டையோடு ரயிலில் மூன்றாம் வகுப்பில் நசுங்கிப் போய்வந்த மனுஷன்.

"பணக்காரனுங்க கதவ சாத்தியிருப்பானுங்க. அப்படித்தான பாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடு என நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் மனசு குளிர்ந்தால் படிப்புப் பேச்சை எடுக்கலாம்.

"அது இதுல இல்ல மாமா. எத்தன பேரு செத்தாங்கன்னுதான் இது சொல்லுது. எதனாலன்னு சொல்லல."

"அப்ப மாமன் சொல்றது தப்புன்ற?"

"தப்புன்னும் சொல்லல. எனக்குத் தெரியாதுன்றேன்."

அண்ணன் முகம் சுருங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டார். உயிர்காக்கும் படகு கப்பலின் எந்தத் தளத்தில் இருந்தது, கீழே இருந்தவர்கள் எவ்வளவு தூரம் ஏறி வரவேண்டும், பிழைத்தவர்கள் என்ன சொன்னார்கள், அதெல்லாம் பார்க்கவேண்டும் என்றாள். அவர் திரும்ப வந்து உட்கார்ந்து, குழந்தைகளைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

காலையில் காபியை ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அந்தக் கல்யாணப் பேச்ச நானே போயி நிறுத்திட்டு வரேன். மாமன் நானு, எனக்கே அவ தலையாட்டல. அவங்க வூட்டுல போயி எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்றியா? படிக்கட்டும் வுடு."

ஏதோ நான்தான் கல்யாணத்துக்கு அவசரப்பட்ட மாதிரி சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில், கூட வந்தவள் முகூர்த்தம் எப்போ என்று கேட்டாள். இப்போதைக்குக் கல்யாணம் இல்லை, என் பொண்ணு புள்ளியியல் படிக்கிறாள் என்றேன். அவள் காதில் விழவில்லை போலிருந்தது. இன்னொரு தரம் சொன்னேன்.