நீலப் பேனாவால் வரைந்த ஏழு பற்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாடை எலும்பு இருக்கிறது. பயப்பட வேண்டாம், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாதிரிதான். கீழ்த்தாடையின் வலது பாதி. அதன் மேல்விளிம்பில் ஒருவர் நீலப் பேனாவால் ஏழு பற்கள் வரைந்திருக்கிறார். ஐந்தாவது பல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருக்கிறது. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களின் கையில் முதல் நாளே இதைக் கொடுத்துவிடுவேன். பல் மருத்துவர்கள் எலும்பின் வளைவைப் பார்ப்பார்கள், பொறியாளர்கள் அச்சின் நேர்த்தியைப் பார்ப்பார்கள். வரைந்தது யார் என்று கேட்பவர்கள் குறைவு.

செலண்டார் என்ற சிற்றூரில் வளர்ந்து பொறியியல் படித்த நானும் மலாக்கா நகரத்துக்கு இப்படித்தான் பயிற்சிக்கு வந்தேன். நோயில் இழந்த தாடை எலும்பை நோயாளியின் சொந்த உயிரணுக்களைக் கொண்டே வளர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல எலும்பு ஏறி வளர ஒரு சாரம் செய்வது என் வேலை. அதில் உயிரணுக்களை வளர்ப்பவர்கள் உயிரியலாளர்கள், வாயில் பொருத்த வேண்டியவர்கள் பல் மருத்துவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பல் மருத்துவர்கள் எங்கள் இயந்திரங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். புதன்கிழமை நாங்கள் கிளினிக்கில் போய் உட்கார வேண்டும்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். புலாவ் செபாங் ஊர்க்காரர், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையிலிருந்து டாங்கி லோரி ஓட்டியவர். தாடையில் வந்த கட்டியோடு வலது பாதி எலும்பையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்திருந்தார்கள். அடுத்தது, கால் எலும்பில் ஒரு துண்டை எடுத்துத் தாடையாக வைக்கும் அறுவை. அதுவரை கஞ்சியும் பாலும்தான். லோரியில் தூக்கம் வராமலிருக்க வழியெல்லாம் கச்சாங் கொறித்த வாய் அது. வரும்போதெல்லாம் அந்த வறுத்த கடலையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து எங்களிடம் நீட்டுவார். "எனக்குத்தான் மெல்ல முடியல, நீங்க தின்னுங்கலா. சத்தத்தையாச்சும் கேக்கறேன்" என்பார். நாங்களும் வெட்கமில்லாமல் தின்றோம்.

கிளினிக்கில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். அதனால் மருத்துவர் நகர்ந்ததும் அவருடைய கேள்விகளெல்லாம் என்னிடம் வரும். அவர் ஸ்கேனை வைத்து நான் பழகுவதற்காக அச்சிட்ட மாதிரியை ஒருநாள் பெருமையாகக் காட்டினேன்.

"இதே அளவுல ஒங்க எலும்பையே வளக்கப் போறோம்ணே."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "அப்பக் கால வெட்ட வேணாமா?"

"வேணாம்."

"எப்ப ரெடியாகும்மா?"

"ரெண்டு வருஷம். கூடப்போனா மூணு."

பொறியாளர்களுக்கு எந்த வேலைக்கும் ஒரு கெடு வேண்டும். எங்கள் சுவர் அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. அது எலிகளையும் ஆடுகளையும் வைத்துப் போட்ட கணக்கு, மனிதர்களுக்கானதல்ல. ஒரு பல் மருத்துவராக இருந்தால் நோயாளியிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. மாதிரியையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மாதம் அவர் அறுவையைத் தள்ளிப்போட்டார். மருத்துவர் காரணம் கேட்டதற்கு, "கிளட்ச் மிதிக்கிற காலு, பயமா இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நம் வேலையை ஒருவர் இவ்வளவு நம்புகிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போனேன். எங்கள் சாரம் எலியில் பிடித்தது, ஆட்டில் பிடிக்கவில்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். மூன்றாம் ஆண்டு அவருடைய தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது. அவர் ஒருவழியாகக் கால் எலும்புக்குச் சம்மதித்தபோது இதயம் பலவீனமாகியிருந்தது. அவ்வளவு நீண்ட அறுவையை உடம்பு தாங்காது என்று மயக்க மருத்துவர் மறுத்துவிட்டார். மறு வருடம் டிரைவர் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சாவுக்கு நான் காரணமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் கடைசிவரை ஒரு வாய் சோற்றை மெல்லாமலே அவர் போனதற்கு நான்தான் காரணம்.

காரியத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவி இந்த மாதிரியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "இது ஒங்களோடதுதானேம்மா. புது எலும்புல அவரோட தங்கப் பல்ல வைக்க மறந்துருவாங்கன்னு அவரே ஒக்காந்து வரைஞ்சாரு. ஒங்ககிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். அந்தக் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை, தாடை இழந்த ஓர் அம்மா என் பயிற்சி மாணவியிடம் அதே கேள்வியைக் கேட்டார், எப்போது தயாராகும் என்று. மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாதும்மா. நீங்க காத்திருக்காதீங்க, கால் எலும்பையே வச்சுக்கங்க" என்றேன். திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தேன். ஐந்தாவது பல்லின் மஞ்சள் மங்கிப்போயிருந்தது. முப்பத்திரண்டு பல்லும் ஒழுங்காக இருந்தும், 'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தை டிரைவர் அண்ணன் கேட்ட அன்று என் வாயில் வரவில்லை.