தலையாட்டிச் சொன்ன சம்மதம்

"...என்ன கேட்டாலும் வாயால சொல்லணும், தலைய ஆட்டவே கூடாது, கேட்டோ?" என்றார் டாக்டரம்மா, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி. மலையாளிதான், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறியிருந்தார்.

எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், சாலைக் கடைவீதியில் எங்கள் கடைக்கு அரிசி மூட்டை இறக்குகிறவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். அன்று காலை லாரி மேலிருந்து தலைகுப்புற விழுந்தார். விழுந்த கையோடு எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை உதறிக்கொண்டே, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அண்ணாச்சி" என்று சிரித்தார். எனக்குப் பழமொழி என்றால் உயிர். இத்தனை பொருத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று நானும் சிரித்தேன். பிடரி வலி மட்டும் விடவில்லை. பக்கத்து லேபில் படம் எடுத்து, அதைத் தானே கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடந்து வந்தார்.

கழுத்தின் இரண்டாவது எலும்பு ஒடிந்திருக்கிறதாம். கொஞ்சம் நகர்ந்தாலும் தண்டுவடம் நசுங்கி, கைகால் விழுந்துவிடுமாம்; மூச்சே நிற்கலாமாம். ஒடிந்த கழுத்தோடா இந்த மனுஷன் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்தார்?

நர்ஸ் கழுத்துப்பட்டை எடுக்க ஓடினார்.

"மனசிலாயோ?" என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார்.

நம்மவர்களுக்குச் சம்மதம் வாயில் இல்லை, கழுத்தில்தான் இருக்கிறது. அவர் 'சரி' என்று தலையைச் சாய்க்கத் தொடங்கினார். டாக்டரம்மா படத்தைத் தரையில் போட்டுவிட்டுப் பாய்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தலையை அப்படியே பிடித்துக்கொண்டார்.