எல்லையில் நின்ற எங்கள் நாயகன்

எங்கள் காமிக்ஸ் நாயகன் முதலில் ஒரு டி-சர்ட்டுக்காகப் பிறந்தவன். சுதந்திர தினத்துக்குக் குழந்தைகள் உடையில் அச்சிட என் தோழி அவனை வரைந்தாள். திருப்பூரில் ஒரே ஆடை ஏற்றுமதி கம்பெனியில் அவள் டிசைனர், நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுத்த பையர் வேறு படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவளுக்கு மனசு ஆறவில்லை.

"நீ கதை எழுது. இவனைப் புத்தகமாவே போட்டுரலாம்," என்றாள்.

முதல் இதழில் அவன் எல்லைக்குப் பறந்துபோய் எதிரி டாங்கிகளைத் தூக்கி எறிந்தான். அவிநாசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருந்த பெண் அதை வாங்கி விற்றார். சீக்கிரமே தீர்ந்தது. இரண்டாவது இதழில் போர் விமானங்களையும் சேர்த்தோம். அதைக் கொண்டுபோனபோது அவர் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"எங்க ஊட்டுக்காரர் மிலிட்டரிலதானுங்க இருக்காரு. அவரு இப்படிச் சிரிச்சுக்கிட்டே யாரையும் அடிக்கமாட்டாருங்க."

தோழியின் முகம் வாடிவிட்டது. "அங்க என்னங்க பண்ணுவாரு?" என்று நான் கேட்டேன்.

"நிப்பாருங்க. நாள் பூரா பனியில நிக்கோணும். ஏதாச்சும் சத்தம் கேட்டா பயமா இருக்குமாமா. பயந்துக்கிட்டேதான் நிப்பாராமா."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் இரண்டாவது இதழைப் புரட்டிக்கொண்டே வந்தாள். அனுப்பர்பாளையம் வந்ததும் அவள் கேட்டாள்: "இவனுக்குப் பறக்கத் தெரியாதுன்னு வெச்சா?"

மூன்றாவது இதழில் அவனுக்குப் பறக்கத் தெரியவில்லை. ஒரு காவல் சாவடி, சுற்றிலும் பனி. பாறைக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது. கை நடுங்குகிறது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. வந்தது ஒரு மலையாடு. சாயங்காலம் அடுத்த ஆள் வந்து காவலை ஏற்றுக்கொள்கிறார். நடுங்கும் அந்தக் கையை அவள் வரைந்த அழகில் நான் அசந்துபோனேன்.

ஆனால் புத்தகம் விற்கவில்லை. "சண்டை எங்கீங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒருநாள் கடைக்காரப் பெண் போன் செய்தார். லீவில் வந்திருந்த அவர் கணவரைக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். ஒல்லியான, அமைதியான மனிதர். கையில் மூன்றாவது இதழ்.

"நல்லா இருக்குதுங்க," என்றார் எங்களிடம். "ஆனா இந்த ஒத்தை ஸ்வெட்டரோட நின்னா ஆளு வெறைச்சுப் போயிருவானுங்க."

உடைகளை வரைந்தே சம்பாதிக்கும் என் தோழி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல, கடை மேஜையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக உடைகளை வரைந்தாள். புறப்படும்போது முகாமில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கென்று அவர் சில பிரதிகள் வாங்கிக்கொண்டார். அந்தத் தைரியத்தில் நான்காவதும் போட்டோம்.

இப்போது ஐந்தாவது அச்சில் இருக்கிறது. அதில் ஒரேயொரு சண்டை வைத்திருக்கிறோம். பிள்ளைகளும் வாங்க வேண்டுமே.