சி.ஐ.டி. அண்ணனுக்கு ஒரு பொன்னாடை

போன வாரம் நான் ஓர் அரசு ரகசியத்தை வெளியிட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். வெளிநாடுகளில் ஓர் உளவு அதிகாரியின் பெயர் கசிந்தால் மந்திரிகளின் நாற்காலியே ஆட்டம் காணும் என்று படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் கசியவிட்டது – கையில் செல்போனும் தலையில் அவசர புத்தியும் உள்ள உங்கள் பத்தி எழுத்தாளர்தான்.

ஊர், தெற்குக் கோடியில் புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கம். எந்த ஜங்ஷன் என்று சொல்ல மாட்டேன். பட்ட பிறகு வந்த புத்தி! அவர் பெயரையும் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்துக்காரர். உளவுப் பிரிவு போலீஸ். ஆனால் நான்கு வருடத்துக்கு முன் லில்லி அக்காவின் சாயாக்கடையில் முதல்முதலாக வந்து உட்கார்ந்தபோது, தன்னை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

ஐந்தே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. எப்படி?

எங்கள் பக்கம் 'ஆக்கும்' என்று ஒரு சொல் உண்டு. 'அவரு வாத்தியாராக்கும்', 'நான் நேத்தே வந்தேனாக்கும்' என்று அழுத்திச் சொல்வோம். 'கொடு', 'போடு' என்பதோடெல்லாம் அது ஒட்டாது. ஊர்க்காரர் மாதிரிப் பேசு என்று யாரோ செல்வத்துக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவரும் சிரத்தையாக, "ஒரு சாயா போடுங்க ஆக்கும்!" என்றார்.

லில்லி அக்கா சாயாவை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னாராம்: "மக்கா, போலீசு வந்திருக்காரு. சூடுள்ள வடையா எடுத்துக் குடு."

அன்று முதல் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதானே மரியாதை? எங்கே மறியல், என்றைக்கு ஆர்ப்பாட்டம் என்று கட்சிக்காரர்களே அவர் காதில் போட்டுவிடுவார்கள். "நல்ல கூட்டம் இருந்ததுண்ணு எழுதுங்க அண்ணே" என்று சிபாரிசு வேறு. நான்கு வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் பாலிசி எடுக்கவில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ரகசியத்தில்தான்... தாசையன் மைக்கைப் பிடித்தார்.

தாசையன் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். குண்டும் குழியுமான ரோட்டுக்காக அவர்கள் நடத்திய தெருமுனைக் கூட்டத்தில் நன்றியுரை அவர்தான். நன்றி சொல்வது அவருக்கு ஒரு வியாதி. பந்தல்காரர், மைக் செட்காரர், மேடைக்கு அடியில் படுத்திருந்த நாய் – யாரையும் விடமாட்டார். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகும் கையில் ஒரு பொன்னாடை மிச்சம். சுற்றிலும் பார்த்தார். கடைசி வரிசையில் செல்வம் ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நமக்க கூட்டம் ஒண்ணு விடாம வந்து, ரகசியமாட்டு கண்காணிச்சிட்டு வாற சி.ஐ.டி. அண்ணன் செல்வம் அவர்களை மேடைக்கு விளிக்குதேன்!"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். செல்வம் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துப் பார்த்தார். நாலு பேர் அன்போடு தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு க்ளிக் எடுத்து, 'நம்ம சி.ஐ.டி. அண்ணனுக்கு வாழ்த்துகள்' என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது... ஆமாம், நான்தான்.

மறுநாள் காலை எதிர்முகாம் கொதித்தெழுந்தது. அந்தக் கட்சியின் செயலாளர் மணிகண்டன் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். 'உளவு அதிகாரியை அம்பலப்படுத்திய தாசையனைக் கைது செய்!' போஸ்டரின் நடுவில் என்ன? செல்வத்தின் முகம்! தாசையன் விடுவாரா? 'கௌரவித்தது குற்றமா?' என்று மதியத்துக்குள் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் பொன்னாடையோடு முழு உருவம். ஒரு ரகசியத்துக்காக இரண்டு கட்சிகள் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். சாயங்காலம் வரைதான்.

செல்வத்தின் மனைவி வாசலில் வந்து நின்றார். அவர்கள் மகளும் என் மகளும் பிளஸ் டூவில் ஒரே வகுப்பு. "அக்கா, நாளைக்கு மேலிடத்துல இருந்து விசாரிக்க வர்றாங்களாம். ஊருக்கே ஆளைத் தெரியும்னு ஆச்சுன்னா உடனே டிரான்ஸ்ஃபர்தான். பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. இந்த நேரத்துல புள்ளைய எங்கக்கா கொண்டுபோவேன்?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

போட்டோவை அழித்துவிட்டு லில்லி அக்கா கடைக்கு ஓடினேன். ஒரு பெஞ்சில் தாசையன், எதிர் பெஞ்சில் மணிகண்டன். "ரெண்டு பேருமா சேந்து ஒரு பிள்ளைக்க படிப்பக் கெடுத்திட்டிய!" என்று கத்தினேன். "போட்டோ எடுத்தது ஆராக்கும்?" என்றார் மணிகண்டன்.

விஷயத்தைச் சொன்னதும் இருவர் முகமும் மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் ஓர் அதிசயம் பார்த்தேன். மணிகண்டன் ஏணியைப் பிடிக்க, தாசையன் மேலே ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து போஸ்டர்களைச் சுரண்டினார்கள். கூட்டணி என்றால் இதுதான்!

மறுநாள் பதினொரு மணி. கடைக்குப் புதுமுகம் ஒருவர் வந்தார். சாதாரண சட்டை, சாதாரண பேன்ட். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு சாயா கொடுங்க ஆக்கும்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வடையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். "இங்க செல்வம்னு ஒருத்தர்..."

"இன்சூரன்ஸ்காரரு!" என்று ஏழெட்டுக் குரல்கள்.

"சி.ஐ.டி.ன்னு மைக்லயே சொன்னாங்களாமே?"

"அது பட்டப்பேரு சார்" என்றார் லில்லி அக்கா, கண் இமைக்காமல். "வயசு என்ன, சம்பளம் என்ன, என்ன சீக்கு, தீனம் உண்டும்ணு தோண்டித் தோண்டிக் கேப்பாரு. அதனால சி.ஐ.டி.ண்ணு விளிப்போம்."

"சரி, கட்சி மேடையில பொன்னாடை எதுக்கு?"

தாசையன் எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க கட்சிக்குண்ணு ஆகமொத்தம் ஒரே ஒரு பாலிசிதான் சார் உண்டு. அது இவரு போட்டுத் தந்ததாக்கும்."

"எங்களுக்கும் அதே பாலிசிதான்" என்றார் மணிகண்டன்.

கொள்கை விஷயத்தில் இருவரும் உண்மை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வந்தவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. நேற்று செல்வத்தின் மனைவி ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். டிரான்ஸ்ஃபர் இல்லை. பிள்ளை நிம்மதியாகப் படிக்கிறாள். ஒரே ஒரு சிக்கல்தான் – பொய் சொன்ன உறுத்தலில் நாலைந்து பேர் நிஜமாகவே பாலிசி கேட்டுச் செல்வத்தைத் துரத்துகிறார்களாம். பாவம், அவருக்கு ஃபாரம் எப்படி நிரப்புவது என்றே தெரியாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று அந்த விருந்தாளி சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தபோது, லில்லி அக்கா படி வரைக்கும் கூடவே போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பயப்படாண்டாம் சார். நீங்க ஆருண்ணும் நாங்க வெளிய சொல்ல மாட்டோமாக்கும்."